வேனுக்கு வெளியே ஒரு கூரை: ஆனிங் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

உள்ளேயே படுத்துத் தங்கிப் பயணம் போகிற கேம்பர் வேன் வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு ஆனிங்குக்கு வந்துவிடும். வேனின் பக்கத்திலிருந்து வெளியே விரிக்கிற துணிக்கூரை, அதைத்தான் ஆனிங் என்கிறோம். எது நல்லது, எத்தனை மீட்டர் வாங்கலாம், சுருட்டுகிற வகையா காற்றடைக்கிற கூடாரமா என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டியை ஓரிடத்தில் நிறுத்தினால் எத்தனை ராத்திரி அங்கே இருப்பீர்கள்? பலர் இதை யோசிக்காமல் சதுர மீட்டரை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன். ஆறு வருஷத்தில் மூன்று விதமான கூரைக்கு மாறிய பிறகு இதை எழுதுகிறேன், இப்போது வாங்கப் போகிற யாருக்காவது ஒரு சுற்று அலைச்சல் மிச்சமானால் நல்லது.

எங்கள் முதல் ஆனிங் 'டிரைவ்-அவே' வகை. அது தனியாக நிற்கக்கூடிய ஒரு கூடாரம். வேனின் பக்கக் கதவோடு ஒரு துணிச் சுரங்கத்தால் இணைந்திருக்கும். இணைப்பைக் கழற்றிவிட்டு வேனை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகலாம், கூடாரம் நாற்காலி மேஜைகளோடு அங்கேயே நிற்கும். எங்களுடையதில் கம்பிகளுக்குப் பதில் மூன்று காற்றுக்குழாய்கள், கையால் அடிக்கிற பம்ப் ஒன்று. பத்து நிமிஷத்தில் எழுந்து நிற்கும் என்று விளம்பரத்தில் இருந்தது, அது உண்மைதான், காற்றடிக்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. ஆனால் பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்து, நான்கு மூலையும் சதுரமாக வருகிற மாதிரி முளை அடித்து, காற்றடித்து, இழுகயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி, கடைசியில் வேனோடு சேர்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிடும். கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் கூட ஆகும், குழாய்க்குள் இருக்கும் காற்றை முழங்காலால் அழுத்தி அழுத்தி வெளியேற்றாவிட்டால் அது பைக்குள் போகாது.

அந்த முதல் பயணத்தில் ஒன்பது ராத்திரிக்கு ஏழு இடம் போட்டிருந்தோம். நான்காவது நாளிலிருந்து கூடாரத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பதினெட்டு கிலோ சுமையை வேனுக்குள் இங்கேயும் அங்கேயும் நகர்த்தி வைத்துக்கொண்டு, வெளியே வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தோம். அதே கூடாரத்தை அடுத்த வருஷம் ஒரே இடத்தில் ஆறு ராத்திரி போட்டபோது, இதைவிட நல்ல பொருள் இல்லை என்று தோன்றியது. மழை பெய்த இரண்டு நாளும் குடும்பமே அதற்குள்தான் இருந்தது, ஈரச் செருப்பும் மண்ணும் வேனுக்குள் ஏறவில்லை, அப்பா பகலில் அங்கேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். பொருள் ஒன்றுதான், தங்கின ராத்திரிக் கணக்குதான் வேறு. ஓரிடத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் தங்குகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் டிரைவ்-அவே வாங்குங்கள். தினமும் இடம் மாறுகிறவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வாங்குவதாக இருந்தால் இரண்டு அளவு சரியாக எடுக்க வேண்டும். ஒன்று, உயரம். டிரைவ்-அவே ஆனிங்குகளை வேனின் உயரத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று ரகமாகத்தான் தைக்கிறார்கள், குட்டை வேனுக்கு ஒன்று, உயர்கூரை வேனுக்கு ஒன்று என்று. ஃபோல்க்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி6 மாதிரி வண்டி கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம், ஃபியட் டுகாட்டோவின் உயர்கூரை வண்டி இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும், இரண்டுக்கும் ஒரே சுரங்கம் பொருந்தாது. அளக்கும்போது கூரை உச்சி வரைக்கும் அளக்காதீர்கள், துணி எந்த இடத்தில் வேனோடு மாட்டப்போகிறதோ அந்த இடம் வரைக்கும் தரையிலிருந்து அளங்கள். இரண்டாவது, அந்த மாட்டும் இடம். வேனின் கூரையோரமாக நீளவாக்கில் குழி ஓடுகிற அலுமினியப் பட்டை ஒன்று இருக்கும், ஆனிங் துணியின் விளிம்பில் கயிறு மாதிரி உருண்டையான ஒரு கரை தைத்திருக்கும், அந்தக் கரை இந்தக் குழிக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அந்த உருண்டைக் கரையின் தடிமன் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அல்லது 6 மில்லிமீட்டர். 6 மி.மீ. கரை 4 மி.மீ. குழியில் நுழையவே நுழையாது; 4 மி.மீ. கரை 6 மி.மீ. குழியில் நுழையும், ஆனால் காற்றடித்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6 இருக்கிற இணைப்புப் பட்டை தனியாகக் கிடைக்கிறது. முதலில் உங்கள் பட்டையை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், வேனை எடுத்துக்கொண்டு போவது சுலபம், திரும்ப வந்து பழைய இடத்தில் நிறுத்துவதுதான் சிரமம். ஒரு சாண் தள்ளி நின்றாலே சுரங்கத் துணி தொய்ந்து அதில் மழைத்தண்ணீர் நிற்கும். நாங்கள் கிளம்பும் முன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வெளிப்பக்கமாகத் தரையோடு தரையாக ஒரு பட்டைக்கல் வைத்துவிடுவோம், திரும்பி வரும்போது ஒருவர் இறங்கி நின்று கல்லைப் பார்த்துச் சொன்னால் முதல் தடவையிலேயே சரியாக நின்றுவிடும்.

சரி, அடுத்தது நாங்கள் மாறியது சுருட்டு ஆனிங்குக்கு. ஃபியாமா, தூலே மாதிரி நிறுவனங்கள் செய்கிற, வேனின் பக்கத்தில் நிரந்தரமாகப் பொருத்திய நீளமான அலுமினியப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் துணி வெளியே வரும், முன்கம்பியிலிருந்து இரண்டு காலை இறக்கி நட்டால் முடிந்தது. நிஜமாகவே மூன்று நிமிஷம். நாங்கள் பொருத்தியது 3 மீட்டர் நீளம், வெளியே இரண்டரை மீட்டர் நீளும், அதாவது ஏழரை சதுர மீட்டர் கூரை. வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடலாம். சாலையோரம் அரை மணி நேரம் நிறுத்தினால்கூட விரிக்கத் தோன்றும், அதுதான் இதன் அருமை. தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பக்கக் கதவு முழுசாகத் திறக்கிறதா, பின்கதவு மேலே போகும்போது பெட்டியில் இடிக்கிறதா, உயர்த்துகிற கூரை இருந்தால் அது எழும்ப வழி விடுகிறதா என்று பாருங்கள். பெட்டி வேனின் அகலத்தைச் சில அங்குலம் கூட்டும், குறுகலான வழியில் மரக்கிளையில் முதலில் உரசுவது அதுதான். எங்களுடைய அளவுக்கு எடை இருபது கிலோவைத் தாண்டும், அது முழுக்க ஒரு பக்கமாக, உயரத்தில் தொங்குகிறது. வண்டி தாங்கக்கூடிய மொத்தச் சுமையில் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

நிழல் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. ஆனிங் விரித்தால் நிழல் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உச்சி வெயிலுக்கு அது சரி. ஆனால் நாம் வெளியே உட்காருகிற நேரம் பெரும்பாலும் சாயங்காலம், அப்போது சூரியன் தாழ்ந்து எதிரிலிருந்து அடிக்கும். சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பூமத்தியரேகைக்குப் பக்கத்துப் பகுதிகளில் அது மறைய சுமார் இரண்டு மணி நேரம் முன்னால். ஆனிங்கின் முன்விளிம்பு 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த விளிம்பின் நிழல் தரையில் விழுகிற இடம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உள்ளே தள்ளிப் போகிறது. நம் கூரையின் ஆழமே இரண்டரை மீட்டர்தான். அதாவது கூரைக்குக் கீழே தரை முழுக்க வெயில்! வேனை ஒட்டி நாற்காலி போட்டால் முகம் தப்பும், கால் தப்பாது. சூரியன் 20 டிகிரிக்கு இறங்கினால் முகமும் தப்பாது. பெரிய ஆனிங் வாங்கியும் சாயங்காலம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதனால் என்று எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

அதற்கு வழி இன்னும் பெரிய துணி வாங்குவதில் இல்லை, வண்டியை நிறுத்துகிற திசையில் இருக்கிறது. சாயங்காலம் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் கதவுப் பக்கம் கிழக்கே பார்த்து நிறுத்துங்கள். அப்போது அந்த 30 டிகிரி வெயிலில் 2 மீட்டர் உயர வேனே மூன்றரை மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும், துணியே வேண்டாம். காலையில் அதிக நேரம் வெளியே இருப்பவர்கள் மேற்கே பார்த்து நிறுத்தட்டும். திசையை மாற்ற முடியாத இடமாக இருந்தால் முன்கம்பியிலிருந்து தொங்கவிடுகிற வலைத்துணி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், முன்பக்க வெயிலை நன்றாகத் தடுக்கும், காற்றையும் உள்ளே விடும். கெட்டித்துணி தொங்கவிட்டால் அது பாய்மரமாகிவிடும்.

இனி காற்று. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

ஒரு ஏரிக்கரையில் இரண்டாவது ராத்திரி. சாயங்காலம் அப்பா தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் திரும்பி, "காத்து மாறுதுப்பா, துணியைச் சுருட்டிடு" என்றார். துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, "ரெண்டு பக்கமும் முளை அடிச்சிருக்கேன்ப்பா, நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும், முதலில் ஒரு சத்தம், கனமான போர்வையை யாரோ உதறுவது மாதிரி. எழுந்து கதவைத் திறப்பதற்குள் இன்னொன்று. முளையோடு பிடுங்கிக்கொண்டு கால் இரண்டும் தரையை விட்டு எழுந்து, முன்கம்பி அப்படியே ஒரு வளைவு எடுத்து வேனின் கூரைமேல் போய் விழுந்தது. என் மனைவி ஒரு காலைப் பிடித்துத் தொங்கினாள், "விட்டுடு, கையை விடு" என்று நான் கத்தினேன், அவள் விட்ட அடுத்த நொடி அந்தக் கால் அவள் தலைக்குமேல் சுழன்று போனது. காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் துணியைத் தாங்குகிற மடக்குக் கம்பியின் மூட்டு வளைந்திருந்தது, வேன் கூரைமேல் இருக்கிற சோலார் தகட்டின் கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். மீதிப் பயணம் முழுக்கப் பட்டைக் கயிற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட்டினோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். ஏழரை சதுர மீட்டர் துணிக்குத் தோராயமாக 47 கிலோ. வேகம் இரண்டு மடங்காகி 72 ஆனால் தள்ளுவது நான்கு மடங்கு, 187 கிலோ. துணி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் எந்த அளவில் இருக்கும் என்பது புரியும். விரல் தடிமன் முளை நான்கு அதைப் பிடித்து நிறுத்தாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இது வெறும் துணி. பெரிய ஆனிங் வாங்க ஆசைப்படும்போது ஒவ்வொரு கூடுதல் சதுர மீட்டரும் காற்றுக்குக் கொடுக்கிற கூடுதல் பிடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது வைத்திருப்பது அதைவிடச் சிறியது.

சுருட்டு ஆனிங்கின் கையேட்டைப் படித்தால் காற்று பலமாக அடித்தாலோ கனமழை வந்தாலோ சுருட்டி வைக்கும்படி எழுதியிருக்கும். அது வெயிலுக்கும் தூறலுக்கும் செய்த பொருள், வீட்டுக்கூரை கிடையாது. துணியின்மேல் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் தரையில் கட்டுகிற, நுனியில் ஸ்பிரிங் வைத்த புயல்பட்டை கிடைக்கிறது, வாங்குங்கள், அந்த ஸ்பிரிங் திடீர் வீச்சை வாங்கிக்கொள்ளும். ஆனால் அது நமக்குச் சுருட்ட அவகாசம் தருவதற்குத்தான், ராத்திரி முழுக்க விரித்து வைப்பதற்கு இல்லை.

எப்போது சுருட்டுவது? காற்றின் பலத்தை எண்ணால் சொல்கிற பியூஃபோர்ட் அளவுகோலை நினைவில் வைத்திருக்கிறேன், அதில் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். தூசியும் காகிதமும் கிளம்பிச் சின்னக் கிளைகள் அசைந்தால் அது 4, மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலையோடு சின்ன மரங்களே ஆட ஆரம்பித்தால் 5, மணிக்கு 29 முதல் 38. நான்கில் நான் நாற்காலியை நகர்த்திவிட்டுக் கைப்பிடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், ஐந்து வரும்வரை காத்திருப்பதில்லை. படுக்கப் போகும்போதும், வேனை விட்டு நடந்து எங்கேயாவது போகும்போதும் காற்றே இல்லாவிட்டாலும் சுருட்டிவிடுகிறோம்.

மழையில் துணி கிழிவதைவிட, அதன்மேல் தண்ணீர் தேங்குவதுதான் அதிகச் சேதம் செய்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். எங்கள் பழைய ஆனிங்கில் 10 மி.மீ. மழை என்றால் 75 லிட்டர், 75 கிலோ. அது வழிந்து ஓடினால் ஒன்றுமில்லை, நடுவில் குளமாக நின்றால் துணி நிரந்தரமாகத் தொய்ந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் அதே பள்ளத்தில்தான் தேங்கும். விரிக்கும்போதே ஒரு பக்கத்துக் காலை மற்றதைவிட ஒரு சாணாவது இறக்கி வையுங்கள், தண்ணீர் அந்த மூலை வழியாக ஒரே இடத்தில் கொட்டட்டும். அந்த மூலை கதவுக்கு எதிர்க்கோடியில் இருக்க வேண்டும், நாங்கள் ஒரு தடவை மாற்றி இறக்கிவிட்டு, இறங்கும்போதெல்லாம் தலையில் வாங்கினோம். நடுவில் துணியைத் தாங்கும் குறுக்குக் கம்பி ஒன்று போட்டால் இன்னும் நல்லது.

இப்போது எங்களிடம் இருப்பது இரண்டு: இரண்டரை மீட்டர் நீளச் சுருட்டு ஆனிங் ஒன்று, 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய் ஒன்று. தார்ப்பாய் என்றதும் கனமான நீலப் பிளாஸ்டிக்கை நினைக்காதீர்கள், இது கிழிசல் பரவாத நெசவில் செய்த மெல்லிய பாலியஸ்டர் துணி, கயிறு முளை எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்குள் வந்துவிடும். ஒரு விளிம்பில் அந்த உருண்டைக் கரையைத் தைத்து வாங்கினால் வேனின் பட்டையிலேயே மாட்டிவிடலாம், வெளிப்பக்கத்துக்கு நீட்டிக் குறைக்கிற கம்பு இரண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்க விளிம்பைத் தரையோடு இறக்கி முளை அடித்துவிடலாம், சுருட்டு ஆனிங்கில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மரங்கள் இருந்தால் வேனை விட்டுத் தள்ளி அங்கே கட்டலாம். என்னைக் கேட்டால், முதல் தடவை வேன் வாங்குகிறவர்கள் ஒரு வருஷம் தார்ப்பாயோடு மட்டும் சுற்றிப் பார்க்கட்டும், தங்களுக்கு எவ்வளவு கூரை வேண்டும், எங்கே வேண்டும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

அதற்கு இரண்டு முடிச்சு கற்றுக்கொண்டால் போதும். லாரியில் சரக்கை இழுத்துக் கட்டுவார்களே, நடுவில் ஒரு கண்ணி போட்டு அதன் வழியாகக் கயிற்றை விட்டுத் திருப்பி இழுக்கிற முடிச்சு, அது ஒன்று. இன்னொன்று, கயிறு இழுபட்டால் இறுகி நிற்கிற, கையால் தள்ளினால் மட்டும் நகர்கிற முடிச்சு. ராத்திரி துணி தளர்ந்தால் அவிழ்க்காமலே இழுத்துக்கொள்ளலாம்.

காந்தம் வைத்து மாட்டுகிற கூரைத்துணிகளும் வருகின்றன. அலுமினிய உடம்பிலும் ஃபைபர் உடம்பிலும் காந்தம் ஒட்டாது என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள், இரும்பு உடம்பில் ஒட்டினாலும் நடுவில் மணல் துகள் இருந்தால் பெயின்ட்டைக் கீறும். அழுத்தி ஒட்டவைக்கிற ரப்பர் உறிஞ்சிக் கிண்ணங்களை நான் நம்புவதில்லை, சாயங்காலம் ஒட்டியது விடியற்காலைக் குளிரில் தானாகக் கழன்று விழுந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். விசிறி மாதிரி வேனின் பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து மூடுகிற 270 டிகிரி ஆனிங் அழகாக இருக்கிறது, பின்கதவைத் திறந்து அடுப்பு வைக்கிறவர்களுக்கு வசதி, ஆனால் அந்த எடை முழுக்கக் கூரைச் சட்டத்தின் ஒரு ஓரத்தில் வருகிறது, சட்டம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

துணியைப் பற்றி. அட்டையில் 3000 மி.மீ., 5000 மி.மீ. என்று எழுதியிருப்பது, துணியின்மேல் எவ்வளவு உயரத் தண்ணீர்த்தூணை நிறுத்தினால் கசிய ஆரம்பிக்கும் என்கிற கணக்கு. 3000 எங்கள் மழைகளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது, அதற்குமேல் எண்ணைத் துரத்துவதைவிடத் தையல்களை உள்பக்கம் பட்டை ஒட்டி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், கசிவு பெரும்பாலும் தையலில்தான். நைலான் லேசானது, ஆனால் நனைந்தால் நீண்டு தொய்யும், வெயிலிலும் பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது. பருத்தி கலந்த துணி கனம், காய நேரமாகும், ஆனாலும் உள்ளே புழுக்கம் குறைவு. புதிதாக வாங்கியதும் ஒரு தடவை நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும், நூல் ஊறிப் பருத்து ஊசித்துளைகளை அடைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் கூடாரத்தை எல்லாப் பக்கமும் மூடிவிட்டு உள்ளே தூங்கினால் மழை விட்டும் தூவானம் விடாத கதைதான், நம் மூச்சின் ஈரமே உள்பக்கம் படிந்து காலையில் சொட்டும். கீழே ஒன்று மேலே ஒன்றாகக் காற்றுவழி இருக்கிற கூடாரமாகப் பாருங்கள்.

முளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனிங்கோடு வருகிற மெல்லிய கம்பி முளைகளை மாற்றிவிடுங்கள். மணலுக்கு அகலமான தகடு, கல்தரைக்கு ஆணி மாதிரித் தடித்த எஃகு, புல்தரைக்கு மடிப்பு வைத்த நீளமான முளை என்று மூன்று விதத்தில் ஆறு ஆறு வைத்திருந்தால் எங்கேயும் சமாளிக்கலாம். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். சிமென்ட் தரையில் முளைக்குப் பதில் தண்ணீர்க் கேனைக் கட்டுகிறவர்கள் உண்டு. 20 லிட்டர் கேன் 20 கிலோதான், மேலே சொன்ன 47 கிலோவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது உயிர் சம்பந்தப்பட்டது, அவசரமாகப் படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். மூடிய ஆனிங்குக்குள் கரி அடுப்பைக் கொண்டு வராதீர்கள், மழை பெய்தாலும், தணல் அணைந்துவிட்ட மாதிரி தெரிந்தாலும் சரி. சாம்பல் பூத்த கரியிலிருந்தும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு வந்துகொண்டே இருக்கும், அதற்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, சுரங்கம் வழியாக வேனுக்குள் தூங்குகிறவர்களிடம் போய்ச் சேரும். கேஸ் அடுப்பானாலும் திறந்த பக்கத்தில்தான். இந்த வாயு வந்தால் சத்தம் போடுகிற எச்சரிக்கைக் கருவி சின்னதுதான், வேன்களுக்கென்றே இஎன் 50291-2 என்கிற ஐரோப்பியத் தரம் இருக்கிறது, அந்த எண் போட்டதாகப் பார்த்து வாங்கி வேனுக்குள் ஒன்று, ஆனிங்கில் யாராவது தூங்கினால் அங்கே ஒன்று வையுங்கள்.

ஈரத்தோடு மடித்து வைப்பதும் துணிக்குப் பெரிய கேடு. கிளம்புகிற காலையில் மழை பெய்தால் வேறு வழியில்லை, மடித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் அன்றைக்கே சாயங்காலம், முடியாவிட்டால் மறுநாளாவது விரித்துக் காயவைத்துவிடுங்கள். இரண்டு நாள் தாண்டினால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை போகாது. பல மாதம் ஈரப்பதத்தில் கிடந்தால் உள்பக்கப் பூச்சே பிசுபிசுவென்று உரிய ஆரம்பிக்கும், எங்கள் முதல் கூடாரம் அப்படித்தான் போனது. சுருட்டு ஆனிங்கும் பெட்டிக்குள் ஈரமாக இருந்தால் இதே கதிதான், வெயில் வந்ததும் பத்து நிமிஷம் விரித்து வையுங்கள்.

இதெல்லாம் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பும் முன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வேலை செய்து பாருங்கள். வாங்க நினைக்கிற அளவுக்குத் தரையில் கயிற்றால் ஒரு கட்டம் போடுங்கள், 3 மீட்டருக்கு இரண்டரையோ, இரண்டரைக்கு இரண்டோ. அதற்குள் உங்கள் நாற்காலிகளையும் மேஜையையும் போட்டு, வழக்கமாக வருகிற எல்லோரும் உட்காருங்கள், ஒருவர் எழுந்து வேனுக்குள் ஏறி இறங்கட்டும், கதவைத் திறந்து மூடட்டும். நாங்கள் இரண்டாவது ஆனிங்குக்கு இதைச் செய்யவில்லை. மூன்றாவதுக்குச் செய்தோம், அப்பா, மனைவி, நான், மகள் என்று நான்கு பேரும் இரண்டரைக்கு இரண்டு கட்டத்துக்குள் கால் நீட்டி உட்கார முடிந்தது, அப்பாதான் கயிற்றை எடுத்துச் சுற்றிக்கொண்டே "இது போதும்ப்பா" என்றார்.